பதினாறு மணி நேர வெளிச்சம்

"உங்க பொண்ணுக்கு வாயக் கட்டத் தெரியலீங்க. நீங்கதான் சொல்லி வெக்கோணும்" என்றார் விடுதிக் காப்பாளர் அம்மாள். சொல்லிவிட்டு, எனக்குப் பின்னால் நின்ற பெற்றோரிடம் பேசப் போய்விட்டார். என் மகள் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். பதினாறு வயது. காதில் எதுவும் விழாதவள்போலத் துப்பட்டாவின் ஓரத்தைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

அன்றைக்கு எனக்குக் கோபம் வரவில்லை. வெட்கமாகத்தான் இருந்தது. அதை நினைத்தால்தான் இப்போது பற்றிக்கொண்டு வருகிறது. கத்த வேண்டிய இடத்தில் கும்பிடு போட்டுவிட்டு, "சரிங்க மேடம், சொல்றனுங்க" என்று பல்லைக் காட்டிவிட்டு வந்தவள் நான்.

நாமக்கல்லைச் சுற்றி அந்த மாதிரிப் பள்ளிக்கூடங்கள் சோளக்காட்டுக்கு நடுவே மாடிமேல் மாடியாக எழும்பி நிற்கும். எங்கெங்கோ மாவட்டங்களிலிருந்து பிள்ளைகளைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போவார்கள். எங்கள் வீட்டிலிருந்து அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பேருந்தில் இருபத்தைந்தே நிமிடம். சின்ன வகுப்புப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அதன் மஞ்சள் வண்டி தினமும் எங்கள் வாசல் வழியாகத்தான் போகிறது. ஆனாலும் பதினொன்றாம் வகுப்புக்கு வந்துவிட்டால் விடுதியில் தங்கித்தான் படிக்க வேண்டும், வீட்டிலிருந்து வந்துபோகக் கூடாது என்பது அவர்கள் சட்டம். ஏன் என்று கேட்டேன். "வீட்ல இருந்தா டைம் வேஸ்ட் ஆகுமுங்க" என்றார்கள். நிம்மதியாகச் சாப்பிடுவதும் தூங்குவதும் அம்மாவோடு நாலு வார்த்தை பேசுவதும் அவர்கள் பார்வையில் வேஸ்ட். அதற்கும் தலையாட்டிவிட்டுத்தான் சேர்த்தோம். பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் வாங்கிய பெண். டாக்டர் ஆக்கிவிடலாம் என்ற ஆசை எங்களுக்கு. அவளுக்கும் இருந்தது.

நான் முட்டைக்கோழிப் பண்ணையில் மேற்பார்வை பார்ப்பவள். பதினான்கு வருடமாக அதே பண்ணை. மருந்து, தண்ணீர், தீவனம் எல்லாவற்றையும் கவனிப்பேன் என்றாலும், என் முக்கியமான வேலை எடை பார்ப்பது. வாரத்துக்கு ஒரு நாள், ஒவ்வொரு ஷெட்டிலும் இங்கொன்றும் அங்கொன்றுமாக நூறு கோழியைக் கூண்டிலிருந்து எடுத்துத் தராசில் வைத்து, ஒவ்வொன்றின் எடையையும் எழுத வேண்டும். இந்த வயதுக்கு இவ்வளவு எடை என்று ஓர் அட்டவணை உண்டு. அதற்குக் கீழே போனாலும் ஆபத்து, மேலே போனாலும் ஆபத்து. ஐம்பது கிராம் வித்தியாசத்துக்கே முதலாளி வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுவார்.

கோழிக்கு மனக்கஷ்டம் வரக் கூடாது என்பதில் எங்கள் ஊர்க்காரர்களைப் போல அக்கறை உள்ளவர்கள் உலகத்தில் கிடையாது. பள்ளிக்கூட வாசலை மிதிக்காத ஆள்கூட "கோழி ஸ்ட்ரெஸ் ஆயிருக்குதுங்க" என்று சொல்வான். ஊசி போட்டால் ஸ்ட்ரெஸ், ஒரு ஷெட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினால் ஸ்ட்ரெஸ், சித்திரை வெயில் அடித்தால் ஸ்ட்ரெஸ். உடனே தண்ணீரில் சத்து மருந்து கலந்துவிடுவோம். பண்ணைப் பக்கம் தீபாவளிக்கு ஒருவரும் வெடி வைப்பதில்லை. ஒரு வருடம் மாரியம்மன் நோன்புத் திருவிழாவுக்கு ஒலிபெருக்கியை எங்கள் ஷெட்டைப் பார்த்துக் கட்டிவிட்டார்கள். முதலாளி போய்ச் சொன்னதும், மறுபேச்சு இல்லாமல் ஏணி போட்டு ஏறி வேறு பக்கம் திருப்பி வைத்தார்கள். நோன்புக்கே அந்தக் கதி.

அப்படிப்பட்ட ஊரில்தான் என் மகளுக்கு வாயைக் கட்டத் தெரியவில்லை என்று சொன்னார்கள்.

விடுதியில் சேர்க்கும்போது அவள் நாற்பத்தெட்டு கிலோ. தைப்பொங்கலுக்கு நாலு நாள் விடுமுறையில் வந்தபோது மருந்துக்கடை வாசலில் இருந்த மெஷினில் ஏறி நின்றாள், அறுபதைக் காட்டியது. தீபாவளிக்கு எடுத்த சுடிதாரில் கை நுழையவில்லை. முகம் வீங்கினாற்போல இருந்தது, கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. முகத்தின் வீக்கமும் கண்ணின் கறுப்பும் ஒரே ஆளிடம் எப்படிச் சேரும் என்று நான் ஒரு நிமிடம் யோசித்திருக்க வேண்டும். எடையைத்தான் பார்த்தேன்.

பொங்கலுக்கு வந்த சொந்தக்காரர்களும் அதைத்தான் பார்த்தார்கள். எங்கள் பக்கத்தில் வீட்டுக்குள் கால் வைத்ததும் அடுத்தவர் உடம்பைப் பற்றிப் பேசவில்லை என்றால் காப்பி இறங்காது. இளைத்திருந்தால் "ஏஞ்சாமி, ஊட்ல சோறு போடறதில்லையா?" பெருத்திருந்தால் "என்ன அம்மிணி, ஹாஸ்டல் சோறு நல்லா ஒட்டிக்கிச்சாட்ட இருக்குது?" என் நாத்தனார் ஒரு படி மேலே போய், "இப்பிடியே போனா கல்யாணத்துக்குள்ள கதவ இடிச்சுக் கட்டோணும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். என் மகளும் சிரித்தாள். அதன்பிறகு வைத்த பொங்கலில் ஒரு வாய்கூட அவள் தொடவில்லை. எனக்கு அதில் ஒரு திருப்திகூட வந்தது. இதை எழுதக் கை கூசுகிறது, இருந்தாலும் எழுதுகிறேன்.

அப்புறம் நான் என் தொழில் புத்தியைக் காட்டினேன். வளரும் பருவத்தில் கோழியின் எடை அட்டவணையைத் தாண்டினால், நாங்கள் தீவனத்தைப் பிடிப்போம். அளவாகப் போட்டு எடையைக் கோட்டுக்குக் கொண்டுவருவோம். அதையே செய்தேன். காப்பாளருக்குப் போன் போட்டு, "காலையில ரெண்டு இட்லிக்கு மேல வெக்காதீங்க மேடம். பொழுதோட ராச்சாப்பாட்டுக்குச் சோறு வேண்டாம், சப்பாத்தி ரெண்டு போதும்" என்றேன். அந்தம்மாளுக்குச் சந்தோஷம். வரிசையில் என் மகளின் தட்டு வரும்போது பரிமாறுகிற ஆள் "இது ரெண்டு இட்லிப் பொண்ணு" என்று சொல்லி வைப்பானாம். அது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைப் பார்க்கும் நாள். அந்த நாளைப் பார்க்காதவர்களுக்குச் சொன்னால் நம்ப மாட்டார்கள். பள்ளிக்கூட மரத்தடியெல்லாம் ஜமுக்காளம் விரித்து, குடும்பம் குடும்பமாக உட்கார்ந்து, தூக்குப்போசியையும் அடுக்குப் பாத்திரத்தையும் திறப்பார்கள். பிரியாணி, நாட்டுக்கோழிக் குழம்பு, பள்ளிபாளையம் சிக்கன். ஒரு மாதத்துப் பாசத்தை ஒரு மத்தியானத்தில் ஊட்டிவிட்டுப் போக வேண்டும் என்கிற அவசரம் எல்லோருக்கும். அந்த வாசனைக்கு நடுவில், மாசி மாத ஞாயிறில், நான் திறந்த டப்பாவில் வெள்ளரிக்காய்த் துண்டும் வேகவைத்த கொண்டைக்கடலையும் காய்ந்த சப்பாத்தி இரண்டும் இருந்தன.

பக்கத்து ஜமுக்காளத்தில் கெங்கவல்லியிலிருந்து வந்த குடும்பம். அந்த அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. ஒரு தட்டில் பிரியாணியை வைத்து நீட்டி, "இந்தா பாப்பா, ஒரு வாய் சாப்பிடு" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் மகள் சொன்னாள்: "வேண்டாங்க, எனக்குப் பசிக்கலீங்க."

அப்போது எனக்குப் பெருமையாக இருந்தது. பிள்ளைக்குக் கட்டுப்பாடு வந்துவிட்டது என்று நினைத்தேன். அந்த அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். அது என்ன பார்வை என்று புரிவதற்கு எனக்கு இன்னும் ஒரு மாதம் ஆனது.

அடுத்த முறை பார்த்தபோது, கோழி எடை பார்த்துப் பழகிய என் கண்ணுக்கு, என் மகள் இன்னும் இரண்டு கிலோ கூடியிருந்தாள். "ரெண்டு இட்லி தின்னா எப்படி ஏறும்? என்னத்தையோ திருட்டுத்தனமாத் திங்கறயா?" என்று கேட்டேன். அவள் தரையைப் பார்த்தாள். திருட்டுத்தனம் என்ற வார்த்தையை அவள்மேல் முதலில் போட்டது காப்பாளர் இல்லை, பெற்றவள்.

அந்தச் சமயத்தில்தான் பண்ணையில் மூன்றாம் ஷெட்டு கெட்டது. அந்த வாரத்து எடையை எழுதிப் பார்த்தால் தாறுமாறு. கொஞ்சம் கோழி அட்டவணைக்கு மேலே, கொஞ்சம் கீழே. ஒன்றின் இறகை ஒன்று கொத்திப் பிடுங்கிக்கொண்டிருந்தது. முட்டையும் குறைந்தது. முதலாளி அன்றைக்கே கால்நடை டாக்டரைக் கூட்டிவந்துவிட்டார். அவர் வழக்கமாக வருகிறவர், அதிகம் பேச மாட்டார். கேள்வியாகக் கேட்டுக்கொண்டே ஷெட்டுக்குள் நடந்தார். தண்ணீர் மாறியதா, சத்தம் ஏதாவது உண்டா, புது ஆள் யாராவது உள்ளே வந்தார்களா, கூண்டில் ஒன்றிரண்டு கூடுதலாகப் போட்டீர்களா. எல்லாவற்றுக்கும் இல்லை இல்லை என்றோம்.

எனக்குத் தெரிந்த வைத்தியத்தை நான் எடுத்துவிட்டேன். "எடை கூடினதுகளுக்குத் தீவனத்தைக் கொஞ்சம் பிடிக்கட்டுங்களா சார்?"

அவர் சுவரில் இருந்த லைட் டைமரைப் பார்த்துக்கொண்டு நின்றார். முட்டைக்கோழிக்குப் பகல் வெளிச்சமும் விளக்கும் சேர்த்துப் பதினாறு மணி நேரம். அதற்குமேல் வைக்க மாட்டோம். மிச்ச நேரம் இருட்டில் அது தூங்கியாக வேண்டும். அடிக்கடி கரண்ட் போய் வந்ததில் அந்த டைமர் பிசகியிருந்தது. நான்கு வாரமாக மூன்றாம் ஷெட்டில் விளக்கு பத்தொன்பது மணி நேரம் எரிந்திருக்கிறது. சாயங்காலம் ஐந்து மணிக்கு வீட்டுக்குப் போய்விடுகிற எனக்கு அது தெரியவில்லை.

"அம்மா, மொதல்ல லைட்டைச் சரி பண்ணுங்க. தூங்காத கோழிக்குத் தீவனத்தைக் குறைச்சு என்ன பண்ணப் போறீங்க?" என்றார். செத்துக் கிடந்த ஒரு கோழியை வாங்கி அறுத்துக் காட்டினார். தராசில் நல்ல கனம் காட்டிய கோழிதான். உள்ளே ஈரல் மஞ்சளாக, தொட்டால் உதிர்கிற மாதிரிக் கொழுப்புக் கட்டிப்போய் இருந்தது. "வெளியே பார்த்தா கொழுகொழுன்னு இருக்கும். கூண்டுல அடைச்சு, நடக்கவும் விடாம, தூங்கவும் விடாம வெச்சா, ஏதோ ஆபத்து வந்திருச்சுன்னு உடம்பு நெனச்சுக்கும். சிலது திங்கிறதையே நிறுத்திரும். சிலது கெடைக்கிறதை எல்லாம் கொழுப்பாச் சேத்து வெச்சுக்கும். ரெண்டும் ஒரே நோவுதான். கோழி மேல தப்பு இல்லம்மா."

கோழி மேல தப்பு இல்லம்மா. அதைச் சொல்லிவிட்டு அவர் கை கழுவப் போய்விட்டார். நான் அந்த ஈரலைப் பார்த்துக்கொண்டு அங்கேயே நின்றேன்.

அடுத்துப் பிள்ளைகளைப் பார்க்கும் ஞாயிறு வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. மரத்தடியில் உட்கார்ந்ததும் டப்பாவைக்கூடத் திறக்காமல் கேட்டேன்: "சாமி, காலையில எத்தன மணிக்கு எழுப்பறாங்க?"

"நாலரை."

"படுக்க?"

"பதினொண்ணுக்கு. டெஸ்ட் இருந்தா பன்னெண்டு ஆயிரும்."

நான் விரலை மடக்கி எண்ணினேன். பதினெட்டரை, பத்தொன்பதரை. டெஸ்ட் நாளில் மூன்றாம் ஷெட்டைவிட மோசம்.

கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகச் சொன்னாள். தூக்கம் வந்தால் எழுந்து நின்று படிக்க வேண்டும். நின்றும் கண் சொருகினால் பிஸ்கெட்டைத் தின்பார்களாம். "வாய் அசைஞ்சுட்டே இருந்தா தூக்கம் வராதும்மா. எல்லாப் புள்ளைங்களும் அப்பிடித்தான். கேன்டீன்ல படிப்பு முடியற வரைக்கும் விப்பாங்க." இரண்டு இட்லிக்கு இறக்கிய பிறகு பசி தாங்காமல் இன்னும் இரண்டு பாக்கெட் கூடுதலாகத் தின்றிருக்கிறாள். விளையாட்டுப் பீரியடு என்று கால அட்டவணையில் ஒன்று இருக்கிறது, அதில் கணக்கு நடத்துவார்கள். கழிப்பறைக்குப் போய்வருவதைத் தவிர வேறு நடையே கிடையாது. பிறகு, என் முகத்தைப் பார்க்காமல், "மூணு மாசமா வரலம்மா" என்றாள்.

"யார்கிட்டயாவது சொன்னயா?"

"மேடத்துகிட்டச் சொன்னேன். பரிச்ச டென்ஷன், எல்லாருக்கும் அப்பிடித்தான், மார்க்கப் பாருன்னாங்க."

எல்லாருக்கும் அப்பிடித்தான்! ஒரு ஷெட்டில் பாதிக் கோழி முட்டையை நிறுத்திவிட்டால், "எல்லாத்துக்கும் அப்பிடித்தான்" என்று சொல்லிவிட்டு என் முதலாளி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்துக்கொள்வாரா? டாக்டர் வருவார், தண்ணீரைச் சோதனைக்கு அனுப்புவார்கள், ஊரையே ரெண்டாக்கிவிடுவார்கள். இங்கே நூற்றுக்கணக்கான பெண்பிள்ளைகள். அவர்களை எடை பார்க்க ஒரு தராசு இல்லை. ரேங்க் மட்டும் வாரத்துக்கு ஒரு தரம் போனில் வந்துவிடுகிறது.

நேராக முதல்வர் அறைக்குப் போனேன். என் கணவரும் கூடவே வந்தார். அவர் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வெல்டிங் வேலை செய்பவர். பெரிய மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தால் குரல் கம்மிவிடும். நான்தான் பேசினேன். ஷெட்டு, டைமர், ஈரல் எல்லாவற்றையும் சொன்னேன். முதல்வர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"என்னம்மா, கோழியையும் கொழந்தையையும் ஒண்ணாப் பேசறீங்க? இவங்க மனுசங்கம்மா."

"அதத்தானுங்க நானும் சொல்றேன்" என்றேன்.

அவருக்கு அது பிடிக்கவில்லை. கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். பிறகு ஏதோ சலுகை கொடுப்பவர்போல, "உங்க கவலை புரியுது. எடை கூடின பிள்ளைங்களுக்குன்னு தனியா யோகா கிளாஸ் ஆரம்பிக்கிறோம். உங்க பொண்ணையும் சேர்த்துக்கறோம்" என்றார்.

"எந்நேரத்துலீங்க?"

"காலையில நாலு மணிக்கு."

எனக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியவில்லை. தூக்கம் கெட்டு ஊதிப்போன பிள்ளைகளை, அரை மணி நேரம் முன்னாடியே எழுப்பிவிட்டு, மூச்சை உள்ளே இழு, வெளியே விடு என்று சொல்லப்போகிறார்கள். அதற்கு நன்றி வேறு சொல்ல வேண்டும். "ஒரே வருசம்தாம்மா. அப்புறம் வாழ்க்கை பூரா தூங்கட்டும்" என்று முதல்வர் எழுந்து நின்றுவிட்டார். எழுந்து நின்றால் நாம் கிளம்ப வேண்டும் என்று அர்த்தம்.

வெளியே வந்ததும் என் கணவர், "ஒரு வருசந்தான, பல்லக் கடிச்சிட்டு இருக்கட்டுமே" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை, ஊரே அந்தப் பாட்டைத்தான் பாடுகிறது. ஆனால் அன்றைக்கு என்னால் பொறுக்க முடியவில்லை. "ஏனுங்க, உங்க பட்டறையில ஒரு வண்டிய வெளிய உடறப்ப எத்தன டன்னு ஏத்தலாம்னு எழுதாம உடுவீங்களா? எம் புள்ள நெத்தியில மட்டும் எதுவும் எழுதலயா?" என்று வாசல் காவலாளி திரும்பிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். அவர் கொஞ்ச தூரம் நடந்தார், நின்றார், திரும்பி விடுதிப் பக்கம் போனார். மகளின் தகரப்பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்தார்.

என் மகள்தான் அழுதாள். "தூங்குனா ரேங்க் போயிரும்மா. எல்லாரும் முன்னாடி போயிருவாங்க" என்று எங்கள் ஊரில் பேருந்து நிற்கும் வரைக்கும் அழுதுகொண்டே வந்தாள். அதைக் கேட்டபோது அந்தப் பள்ளிக்கூடத்துக்குத் தீ வைக்கலாமா என்று தோன்றியது. தூங்குவது தப்பு என்று ஒரு பிள்ளையை நம்ப வைத்துவிட்டார்களே.

மாற்றுச் சான்றிதழ் வாங்கப் பத்து நாள் அலையவிட்டார்கள். வாங்கி, பக்கத்திலிருக்கும் அரசுப் பள்ளியில் சேர்த்தோம். சைக்கிளில் போய்வருகிறாள். பெண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் மருந்து எழுதுவதற்கு முன்னால் தூக்கத்தைத்தான் எழுதினார். இரவு ஒன்பதரைக்கு என் வீட்டில் விளக்கை அணைத்துவிடுகிறேன். படிக்கிற பிள்ளை வீட்டில் இவ்வளவு சீக்கிரம் விளக்கை அணைக்கிறாளே என்று ஏளனமாகப் பேசுகிறவர்கள் பேசட்டும். நாலு மாதத்தில் கண்ணின் கறுப்பு போய்விட்டது. நின்றுபோனது திரும்ப வந்தது. எடையும் மெல்ல இறங்குகிறது. யாராவது அவள் உடம்பைப் பற்றி வாயைத் திறந்தால் வாசலைக் காட்டிவிடுகிறேன். நாத்தனார் எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டாள். நல்லதாகப் போயிற்று.

இவ்வளவும் சொல்லி என் முதுகை நானே தட்டிக்கொள்ளலாம் என்றால் முடியவில்லை. அவளைக் கூட்டிவந்த அன்றைக்கு, மறுநாள் மத்தியானம் வரைக்கும் தூங்கினாள். எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். அரிசிம்பருப்புச் சாதம் ஆக்கியிருந்தேன், அவளுக்கு உயிர். முதல் தரம் வைத்ததைக் குனிந்த தலை நிமிராமல் தின்று முடித்தாள். பிறகு காலித் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "அம்மா, இன்னும் கொஞ்சம் போட்டுக்கட்டா?"

என் வீட்டில், நான் ஆக்கிய சோற்றுக்கு, என் பிள்ளை அனுமதி கேட்டாள். கரண்டியை எடுத்து அவள் கையிலேயே கொடுத்தேன். அவள் ஒரு கரண்டி நிறைய அள்ளினாள். தட்டுக்குக் கொண்டுவந்தவள், என் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். பார்த்துவிட்டு, பாதியைச் சட்டியிலேயே திரும்பப் போட்டாள்.

அதை அவளுக்குப் பழக்கியது பள்ளிக்கூடம் இல்லை. நான்தான்.